பாப்பாவுக்கு, கேட் விஷயமாக

பாப்பா,

பக்கத்து வீட்டு ஆண்ட்டி கரும்பு வாங்கிவந்து வாசலில் சாய்த்து வைத்துவிட்டார். நாளை ராத்திரி என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக மட்டும் ஒரு வரி: சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் பிறக்கும் நேரத்தில் பினாங்கு ஹொக்கியன்காரர்கள் தீ கோங் என்னும் வானுலக அரசருக்குப் படைப்பார்கள். எங்கள் ஜெலுத்தோங் வரிசையில் பெருநாளின் முதல் நாளைவிட அன்றைக்குத்தான் வெடிச் சத்தம் அதிகம். போன வருஷம் அந்தச் சத்தத்தில்தான் நம் மஞ்சள் பூனை ஓயென் காணாமல் போனான்.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நீ "சரிக்கா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுவாய். இங்கே எழுதினால் சித்தப்பா படித்துவிட்டுக் குடும்பக் குழுவில் போடுவார், நீ படித்தே ஆக வேண்டும். அதே காரணத்தால் சில விஷயங்களை எழுதப்போவதில்லை. அன்று சாப்பாட்டு மேசையில் என்ன பேச்சு வந்தது, யார் முதலில் எழுந்தது, மாப்பிள்ளை என்ன சொன்னார் என்பதெல்லாம் நம்மோடு இருக்கட்டும். இது கேட்டையும் பூனையையும் பற்றியது.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இருக்கிற பூனை சிட்டு இனி வெளியே போகமாட்டாள். பின்கட்டில் மேலே திறந்திருந்த இடம் முழுக்கக் கம்பி வலை போட்டாயிற்று. பக்கச் சுவர்மேல் வலையை உள்பக்கமாகச் சாய்த்துக் கட்டச் சொன்னேன். நேராக நிறுத்தினால் பூனை ஏறித் தாண்டிவிடும், தலைக்குமேல் உள்ளே வளைந்து வந்தால் முடியாது. முன்பக்கம் கேட்டுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவில் இன்னொரு சின்னக் கதவு வருகிறது. ஒன்றை மூடிய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். குரல்பதிவில் ஏற்கெனவே சொல்லிவிட்டாய். "பூனையைப் போய் அடைச்சு வைக்கிறது பாவம்கா, அம்மா காலத்துல இப்படியா வளர்த்தோம்?" அம்மா காலத்தில் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பூனைகள் எத்தனை கிழடாகிச் செத்தன என்று யோசித்துப் பார். எனக்கு ஒன்றுகூட நினைவில் இல்லை. எல்லாம் "காணோம்" என்றுதான் முடிந்தன. கெம்போங் மீனை அவித்துச் சோற்றில் பிசைந்து வைத்தோம், வந்து தின்றது, ஒருநாள் வரவில்லை, அடுத்தது வந்தது. அன்றைக்கு லயத்துக்கு முன்னால் செம்மண் பாதை. இன்றைக்கு நம் வாசலில் உணவு டெலிவரி மோட்டார்கள் பறக்கின்றன. அப்புறம், அடைத்து வைப்பது பாவம் என்று சொல்கிற நீயே செந்தூலில், கார்டு தட்டாமல் லிஃப்ட் ஏற முடியாத வீட்டில்தான் இருக்கிறாய்.

அந்தக் குரல்பதிவுக்கு நான் அனுப்பிய பதிலுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சத்தம் அதிகம்தான், சின்னவள் பக்கத்தில் இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அதற்காக மன்னித்துக்கொள். சொன்ன விஷயத்துக்காக இல்லை. கேட்டைச் சாத்திவிட்டுப் போங்கள் என்று வாசலில் நின்று நான் சொன்னது உன் காதில் விழுந்தது. நீ திரும்பிப் பார்த்தாய்.

சரி. அதை இதற்குமேல் எழுதவில்லை.

ஒன்றை மட்டும் நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன், ஏனென்றால் எனக்கு அது மறக்கமாட்டேன் என்கிறது. இரண்டொரு நாள் கழித்து, நடுராத்திரி தாண்டி, கேட்டில் உன் கார் வந்து நின்றது. கோலாலம்பூரிலிருந்து வேலை முடிந்து நேராக ஓட்டி வந்திருக்கிறாய், ஆபீஸ் சட்டை, கழுத்தில் அடையாள அட்டைகூட அப்படியே. மாப்பிள்ளையிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாய் என்பதை இங்கே எழுதமாட்டேன். வீட்டுக்குள்ளே நீ வரவில்லை. "டார்ச் இருக்கா?" என்று மட்டும் கேட்டாய்.

நான் அதுவரை தெருத்தெருவாக அவன் பெயரைக் கத்திக்கொண்டு நடந்தேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "கத்தாதேக்கா. பயந்த பூனை வாயே திறக்காது. நீ பக்கத்துல நின்னு கூப்பிட்டாலும் பதில் குடுக்காது." எங்கே படித்தாய் என்று கேட்டதற்கு, வரும் வழியில் தாப்பாவில் நிறுத்திப் படித்ததாகச் சொன்னாய். டார்ச்சை இடுப்பில் பிடிக்காதே, கண்ணுக்குப் பக்கத்தில் பிடி, அப்போதுதான் பூனைக் கண் திருப்பி மின்னும் என்றாய். பின் சந்தில் ஒவ்வொரு வீட்டுக் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், தகரத்துக்கு அடியில், யாரோ தூக்கிப்போட்ட சலவை இயந்திரத்துக்குள் என்று ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டே போனோம். கால்வாய் மூடியில் ஓட்டை இருக்கும் இடத்திலெல்லாம் நீ அந்த ஆபீஸ் சட்டையோடு தாரில் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் வைத்து உள்ளே பார்த்தாய். மூலை வீட்டு அங்கிள் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். நீ படுத்தபடியே அவருக்கு ஹொக்கியனில் ஏதோ சொன்னாய், அவரும் ஒரு டார்ச்சோடு இறங்கி வந்துவிட்டார்.

கடைசியில் ஒரு மூடிக்கு அடியில் இரண்டு கண் மின்னியது. நீ என் தோளை நகம் பதியப் பிடித்தாய். அவித்த மீனை ஓரத்தில் வைத்துவிட்டு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். பேசவில்லை. கொசு தின்றது. பள்ளிவாசலில் சுபுஹ் பாங்கு சொல்லும் நேரத்துக்கு அது மெதுவாக வெளியே வந்தது: சாம்பல் நிறப் பெண் பூனை, கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காது நுனி வெட்டியது. மீன் முழுவதையும் நிதானமாகத் தின்றது, நம்மை ஒரு பார்வை பார்த்தது, போய்விட்டது. நீ சிரிக்க ஆரம்பித்தாய். எனக்கும் அடக்க முடியவில்லை. அங்கிளுக்கு ஒன்றும் புரியாமல் அவரும் சிரித்தார். அம்மா போனதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான், பாப்பா.

அப்புறம் மாமாக் டீக்கடையில் தே தாரேக் குடிக்கும்போது, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "பூனைதானே லா. இன்னொண்ணு எடுத்துக்கலாம்."

தூக்கம் இல்லாமல் சொல்லியிருப்பாய். எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்திருப்பாய். மாப்பிள்ளை அனுப்பிய செய்தி எதையோ பார்த்து எரிச்சலில்கூடச் சொல்லியிருக்கலாம். எல்லாக் காரணமும் நானே உனக்காக யோசித்து வைத்திருக்கிறேன். ஆனாலும் ராத்திரி முழுக்கத் தாரில் படுத்துத் தேடியவள் விடிந்ததும் அதைச் சொல்லலாமா? வேறு யார் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன்.

நீ போன பிறகு நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. சுவரொட்டியில் அவன் முகம் மட்டும் தெரியும் படத்தைப் போட்டேன், குட்டையாக முறுக்கிய வாலைப் பற்றி வேண்டுமென்றே எழுதவில்லை. நல்லதாகப் போயிற்று. மஞ்சள் பூனை தொலைந்தது என்று மலேசியாவில் அறிவித்துப் பார், அப்போது தெரியும். ஒவ்வொரு குடியிருப்பிலும் ஓர் ஓயென் இருக்கிறான், எல்லாரும் அவனை ஓயென் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆயிர் ஈத்தாமிலிருந்து படம் வந்தது, சுங்கை ஆராவிலிருந்து வந்தது, கடல் தாண்டி பட்டர்வொர்த்திலிருந்துகூட வந்தது. நம் ஓயென் பாலம் ஏறிப் போயிருப்பான் என்று அந்த அம்மாவுக்கு உறுதியான நம்பிக்கை. ஒருவன் முதலில் 200 வெள்ளி அனுப்பு, பூனையைக் கொண்டுவந்து தருகிறேன் என்றான். வால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நீளமா, அழகா இருக்கு அக்கா" என்றான்.

சொந்தக்காரர்களுக்கும் பதில் சொல்லி மாளவில்லை. "சிப் போட்டிருக்கே, எங்கே இருக்குன்னு காட்டாதா?" என்று உன் மாமியார்வரை எல்லாரும் கேட்டார்கள். அது வெறும் 15 இலக்க எண், யாராவது பிடித்துக் கொண்டுபோய் ஸ்கேனர் வைத்துப் பார்த்தால்தான் பேசும். சித்தப்பா (படிக்கிறீர்கள் என்று தெரியும், சித்தப்பா), அவன் பெண் பூனை தேடிப் போயிருக்கமாட்டான், அவனுக்குக் கருத்தடை செய்து பல வருஷம். மலைப்பாம்பு விழுங்கியிருக்கும் என்று சொன்னவர்களுக்கு நான் பதிலே சொல்லவில்லை. நடக்காத விஷயம் என்று சொல்ல முடியாதே.

ஜெட்டி சாலையில் இருக்கும் எஸ்பிசிஏ விலங்குக் காப்பகத்துக்கும் போய்ப் பார்த்தேன். கூண்டு கூண்டாக மஞ்சள் பூனைகள். ஒன்று கம்பி வழியாகக் கையை நீட்டி என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டது. அதைப் பற்றி எழுத வேண்டாம்.

2018-இல் வந்த ஓர் ஆய்வை நீதான் எனக்கு அனுப்பினாய், முழுக்கப் படித்தாயா என்று தெரியாது. தொலைந்த 1,210 பூனைகளைப் பற்றியது. கிடைத்தவற்றில் முக்கால்வாசி, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்தனவாம். அதைப் படித்துவிட்டுத்தான் சுற்றுவட்டாரத்தில் தெரிந்த எல்லா வீட்டுக் கதவையும் தட்டினேன், ஸ்டோரைத் திறந்து பாருங்கள், கார் போனட்டைத் தட்டிவிட்டுக் கிளப்புங்கள் என்று கெஞ்சினேன். வெளியே போய்ப் பழகிய பூனைகள் இன்னும் தூரம் போகும் என்றும் அதிலேயே போட்டிருக்கிறது. இன்னொரு கணக்கும் உண்டு. மூன்றில் ஒரு பங்கு ஏழு நாளுக்குள் கிடைத்துவிடும், 61 விழுக்காடு ஒரு வருஷத்துக்குள். அந்த ஒரு வருஷம் நாளையோடு முடிகிறது. அதனால்தான் இந்தக் கடிதம் இன்று.

நான் தேடுவதை விட்டுவிட்டேனா என்று கேட்காதே. தேடுகிற வேலையை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். ஒருத்தர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் போகிற இழப்பைப் பற்றி பாலின் பாஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970-களிலிருந்து எழுதிவருகிறார். வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை வைத்து ஆரம்பித்தது அவர் ஆராய்ச்சி. பூனைக்குப் போய் இதைச் சொல்கிறாளே என்று நீ சிரிப்பாய். சிரி. ஆனால் அவர் சொல்கிற ஒன்று எனக்கு உதவியது: இதற்கு முடிவு என்று ஒன்று வராது, வர வேண்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை, அவன் வரலாம் என்பதையும் வரமாட்டான் என்பதையும் சேர்த்தே வைத்துக்கொண்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். கைப்பேசித் திட்டத்தை மாற்றியபோதும் பழைய எண்ணை விடவில்லை, சிப் எண்ணோடு பதிந்து வைத்திருப்பது அதுதான். சுவரொட்டிகளை நானே போய்க் கிழித்துவிட்டேன். வெயிலில் வெளுத்து அவன் வெள்ளைப் பூனையாகவே மாறிவிட்டிருந்தான்.

பக்கத்து வீட்டு ஆண்ட்டி மட்டும் துக்கம் கேட்க வந்தார். அந்தக் காலத்தில் தங்கள் முன்னோர்கள் கொல்ல வந்தவர்களிடமிருந்து தப்பிக் கரும்புக் காட்டில் மூச்சுக் காட்டாமல் ஒளிந்திருந்து, தீ கோங் பிறந்த நாளில் வெளியே வந்தார்கள், அதனால்தான் கரும்பு கட்டுகிறோம் என்று சொன்னார். "உன் பூனையும் ஒளிஞ்சிருக்கும்" என்றார். வெடியைத் தன் பேரன்கள்தான் வைத்தார்கள் என்பது அவருக்கும் தெரியும். இந்த வருஷம் வெடியைத் தெருக்கோடிக்கு மாற்றியிருக்கிறாராம். நான் கேட்கவே இல்லை.

சிட்டு இப்போது எப்படி என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. முதலில் கதவடியில் உட்கார்ந்து கத்தினாள், ராத்திரியெல்லாம். விட்டுவிடலாமா என்று எனக்கே தோன்றியது. சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் கயிற்றில் இறகு கட்டி ஓடவிட்டு விளையாடினேன், ஜன்னல் ஓரத்தில் பலகை அடித்துக் கொடுத்தேன், மெதுவாக அடங்கினாள். இப்போது பலகையில் படுத்துக்கொண்டு மைனாக்களைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறாள். நாளை ராத்திரிக்கு உள்ளறையில் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து பழைய கைலியை விரித்து வைத்திருக்கிறேன், வெடிச் சத்தத்துக்கு அவளாகவே போய் ஒளிந்துகொள்வாள்.

அடுத்த மாதம் வருகிறாய் என்று சித்தப்பா சொன்னார், நீ சொல்லவில்லை. வா. சின்னவளைக் கூட்டிக்கொண்டு வா, பெரியம்மாவிடம் கோபமாக இருக்கிறாளாமே. சிட்டுவுக்கு மருந்து கொடுத்து விளையாடுகிறேன் என்று போன தடவை மாதிரி பனடோலை எடுக்கவிடாதே, அரை மாத்திரை போதும் ஒரு பூனையைக் கொல்ல. இரண்டு கதவு விஷயத்தை வரும் வழியிலேயே அவளுக்குச் சொல்லிக் கொடு, அவள் கற்றுக்கொள்வாள். மாப்பிள்ளைக்கும் சொல். மேசையில் விட்ட பேச்சை அப்போது பேசலாம், சாப்பிட்ட பிறகு, கேட்டைப் பூட்டிச் சாவி என் இடுப்பில் இருக்கும்போது.

வலைக்கும் சின்னக் கதவுக்கும் ஆன செலவில் பாதி உன்னுடையது. பில்லைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். குழுவில் இல்லை, உனக்கு மட்டும்.

அக்கா