7 பேர்ச் காணி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே ஆறு பேர் படுத்திருக்கிற என் அறையில் வீட்டு விஷயத்தை எப்படிப் பேசுவது? அதனால்தான் இந்தக் கடிதம்.

கத்தாரில் சேர்த்த காசில் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் சின்னதாக ஒரு வீடு வாங்கி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றாய். உன் மனது எனக்குத் தெரியாதா? ஆனால் எனக்கு ஊரில்தான் கட்டவேண்டும், மகன். அம்மா பெயருக்கு உறுதிப் பத்திரத்தோடு கிடைத்த அந்த 7 பேர்ச் நிலத்தில்.

போன கிழமை ஊருக்குப் போயிருந்தேன். ஹட்டனில் இறங்கி, நோர்வூட் பஸ் பிடித்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான நம் லயத்துக்குப் போனபோது பகல் தாண்டிவிட்டது. எல்லாரும் மலையில். ஒரு கோழிச் சத்தம், பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம், அவ்வளவுதான். கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில் 22 வருடமாக மூட்டை தூக்குகிறவனுக்கு அந்த அமைதி என்னவென்று உனக்கு எப்படிச் சொல்வேன்! முன் திண்ணையான இஸ்தோப்பிலேயே படுத்துத் தூங்கிவிட்டேன்.

அம்மா ஐந்து மணிக்கு வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரலைப் பார்த்தேன். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, மடிப்பெல்லாம் வெடித்திருந்தது. சோறு பிசையும்போது குழம்பு பட்டு எரிகிறது என்று கரண்டியால் சாப்பிட்டாள். அன்றைக்கு மழை. ஈரக் கொழுந்து என்று தராசில் 2 கிலோ கழித்துவிட்டார்களாம். 18 கிலோ நிறையவில்லை, அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபா ஆனது, 2024 இல் 1350 ஆனது. பேர் முழுதாக விழுந்தால்தானே அந்தக் காசு கைக்கு வரும்?

அதற்குத்தானே கொழும்புக்கு வரச் சொல்கிறேன் என்பாய். அம்மா வேலையை விடட்டும், ஊரை விடவேண்டாம். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலைக்கு ஆளில்லாத வீட்டுக்கு லயத்து அறை, காம்பரா எதற்கு என்று கேட்பார்கள். அந்தப் பயத்தில்தான் இந்த முழங்காலோடு அவள் மலை ஏறுகிறாள். சொந்தமாக நாலு சுவர் இருந்தால் நாளைக்கே படங்கை மடித்து வைத்துவிடுவாள்.

கொழும்பைக் குறை சொல்லவில்லை. உன்னைப் படிக்க வைத்தது இந்தத் தெருதான். வெங்காய லொறி வந்தால் பகல் சாப்பாடு மூன்று மணிக்கு, அதுகூடப் பழகிவிட்டது. ஆனால் அம்மா இங்கே வந்து என்ன செய்வாள்? லயத்துக்குப் பின்னால் போஞ்சி போட்டிருக்கிறாள், இப்போது பூத்திருக்கிறது. அப்பாயி செத்த அன்றைக்கு லயத்தில் ஒருத்தரும் மலைக்குப் போகவில்லை, ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கு வீடு அரிசி கொண்டுவந்தார்கள். அந்த ஆட்களை விட்டுவிட்டு அவள் ஒரு கதவுக்குள் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வரும்போது காணியைப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லைக் கல்லில் ஒன்றை மானாப்புல் மூடியிருந்தது. கத்தியால் செதுக்கி வெளியே எடுத்துவிட்டேன். வைகாசி மழைக்கு முன் அத்திவாரம் போட்டுவிடலாம் என்கிறார் மேசன் பாஸ். கல், மணல் கணக்கு வந்ததும் எழுதுகிறேன். அதுவரை காசைத் தங்கச்சியின் பேங்க் புத்தகத்தில் போட்டு வை. நீயும் யோசித்துச் சொல். வெயிலில் வேலை செய்கிறாய், தண்ணீர் குடி.

அன்புடன்,
அப்பா