யார்க்டவுனில் பிரிட்டன் வென்றிருந்தால்: பட்டிமன்றக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

காரைக்குடிப் பேருந்து நிலையச் சுவரில் உங்கள் தலைப்பைப் பார்த்தேன்: 'அமெரிக்கக் கிளர்ச்சியை பிரிட்டன் அடக்கியிருந்தால் இந்தியாவுக்கு நன்மையா, தீமையா?' சென்ற ஆண்டு மாமியாரா, மருமகளா என்று கேட்ட மேடைக்கு இது பெரிய தாவல்தான். ஆனால் வென்றவன் வீட்டுக்குள் என்ன நடந்திருக்கும் என்று கேட்காமல் நேரே நம் வாசலுக்கு வந்துவிட்டீர்கள்.

நான் கணக்கெழுதிப் பிழைத்தவன். லாபம் வந்த வருடம் எந்த முதலாளியும் பேரேட்டைக் கேட்டதில்லை. நட்டம் வந்தால் முந்தைய ஐந்தொகையையும் சேர்த்துக் கேட்பார். லண்டனிலும் அதுதான் நடந்தது.

1780 ஏப்ரல் 6 அன்று, மன்னரின் செல்வாக்கு பெருகிவிட்டது, அதைக் குறைக்க வேண்டும் என்று எதிர்க்கட்சியின் டன்னிங் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் 233-க்கு 215 என்று நிறைவேறியது. மன்னர் மூன்றாம் ஜார்ஜும் பிரதமர் நார்த்தும் ஆடிப்போன நேரம். அடுத்த மாதமே அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரம் பிரிட்டிஷ் படையிடம் விழுந்தது. ஜூனில் லண்டனையே எரித்த, கத்தோலிக்கருக்கு எதிரான கார்டன் கலவரம் வேறு. எதிர்க்கட்சியின் குரல் அமுங்கிவிட்டது. நார்த் செப்டம்பரில் நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தல் வைத்து, நாற்காலியைக் காத்துக்கொண்டார். ஓர் ஊரைப் பிடித்ததற்கே இவ்வளவு பலன்!

1781 அக்டோபரில் அமெரிக்காவின் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார். அடுத்த பிப்ரவரி 22-இல் போரை நிறுத்தக் கோரிய தீர்மானம் ஒரே வாக்கில் தோற்று, ஐந்து நாள் கழித்து 234-க்கு 215 என்று வென்றது. (டன்னிங் தீர்மானத்திலும் இதிலும் அரசுப் பக்கம் அதே 215. இதெல்லாம் கணக்குப்பிள்ளை கண்ணில்தான் படும்.) மார்ச்சில் நார்த் விலகினார். மன்னர் முடிதுறக்கும் கடிதத்தையே எழுதிவைத்தார், அனுப்பவில்லை. அதற்கு முன் இரு முறை தோற்றுப்போன எதிர்க்கட்சிப் பேச்சாளர் எட்மண்ட் பர்க்கின் அரண்மனைச் சிக்கன மசோதா அந்த ஆண்டே சட்டமானது. அயர்லாந்து நாடாளுமன்றத்தின் மீதிருந்த பிடியையும் தளர்த்தினார்கள்.

யார்க்டவுனில் வென்றிருந்தால் இவற்றில் எது நடந்திருக்கும்? என் கணிப்பில், நார்த் இன்னும் சில ஆண்டுகள் அசையாமல் இருந்திருப்பார். இருபத்து நான்கு வயது பிட் 1783-இல் பிரதமராகியிருக்க மாட்டார். ஆனால் கடன் மட்டும் காத்திருக்காது. அந்தப் போரில் பிரிட்டனின் தேசியக் கடன் ஏறத்தாழ இரட்டித்தது. வென்ற நாட்டை அடக்கி வைக்கப் படை வேண்டும், படைக்குச் சம்பளம் வேண்டும். தேயிலைக்கு ராத்தலுக்கு மூன்று பென்ஸ் வரி கேட்டே கிளர்ச்சி வந்த இடத்தில் அதை யாரிடம் வசூலிப்பது? சுமை கடைசியில் இங்கிலாந்து நிலக்காரர் தலையில்தான் விழுந்திருக்கும். அப்போது பேரேட்டைத் திறந்தே ஆகவேண்டும், பத்து வருடம் தாமதமாக, இன்னும் கசப்பாக.

வென்ற சாம்ராஜ்யம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யச் சிரமப்படும் பேச்சாளர்களைத் திருப்பத்தூருக்கு அழைத்துப் போங்கள், பக்கத்தில்தானே இருக்கிறது. 1801 அக்டோபர் 24-இல் மருது சகோதரர்களை அங்கே தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் எழுபதுக்கு மேற்பட்டவர்களையும் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். அதற்காக லண்டனில் ஓர் அமைச்சரும் பதவி விலகவில்லை. யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் 1786-இல் நமக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார். வங்காளத்தில் 1793-இல் அவர் போட்ட நிரந்தர நிலவரி ஏற்பாடுதான் பிறகு சிவகங்கைச் சீமைக்கும் ஜமீனாக வந்து சேர்ந்தது.

ஆகவே தலைப்பை இப்படி மாற்றுங்கள்: 'வென்ற பிரிட்டனில் சீர்திருத்தம் தள்ளிப்போயிருக்குமா, வெடித்திருக்குமா?' சம்மதம் என்றால் மூன்றாம் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளை ஒருவர்