போக்கர் பார்ப்போர் எல்லோரும் சூதாடிகள் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போக்கர் சீட்டாட்டப் போட்டிகளின் காணொளிகளை நம் பகுதி இளைஞர்கள் இரவு வெகுநேரம் விழித்திருந்து பார்க்கிறார்கள் என்றும், சூதாட்ட வெறிக்கு அதுவே முதல் படி என்றும் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளரின் கவலை நியாயமானதே. இணையவழிச் சீட்டில் பணத்தைத் தொலைத்துவிட்டு நிற்கும் குடும்பங்கள் நெல்லைச் சீமையிலும் உண்டு. ஆனால் பணம் கட்டி ஆடுவோரையும், ஆடும் எண்ணமே இல்லாமல் வேடிக்கை பார்ப்போரையும் ஒரே தட்டில் வைத்து அவர் நிறுத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சீட்டைக் கையில் பிடிக்கவே தெரியாதவர்கள்கூட இந்த ஒளிபரப்பை ஏன் விரும்பிப் பார்க்கிறார்கள் என்பதற்கு அக்கட்டுரையில் விடை இல்லை. என் கணிப்பில், அந்த ஈர்ப்பில் பெரும்பங்கு வருணனையாளர்களுக்கு உரியது. நாங்குநேரி, களக்காடு வட்டாரத்து ஊர்களில் பொங்கலை ஒட்டி நடக்கும் கபடிப் போட்டிகளுக்கு மைக் பிடித்து வருணனை சொல்லிப் பழகியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

உண்மையில் போக்கர் தொலைக்காட்சிக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஆட்டம். ஓட்டம் இல்லை, பந்து இல்லை. ஒன்பது பேர் ஒரு மேசையைச் சுற்றி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். இன்று பெரும்பாலும் காட்டப்படும் டெக்சாஸ் ஹோல்டம் என்ற வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டு மூடியபடி கொடுக்கப்படும். நடுவில் ஐந்து சீட்டு படிப்படியாகத் திறக்கப்படும். இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்த்துக் காட்டுபவர் வெல்வார். ஆனால் எதிராளிகள் பந்தயத் தொகைக்கு அஞ்சிச் சீட்டைக் கவிழ்த்துவிட்டால், எஞ்சியவர் எதையும் காட்ட வேண்டியதில்லை; பெரும்பாலான ஆட்டங்கள் அப்படித்தான் முடிகின்றன. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் உலகத் தொடர் போக்கர் போட்டி 1970இல் தொடங்கியது. அதைத் தொலைக்காட்சியில் காட்ட எழுபதுகளிலிருந்தே முயன்றும் பொதுமக்களிடம் அது பரவலாக எடுபடாமல் போனதற்கு இதுதான் காரணம். யாரிடம் என்ன சீட்டு என்பது பார்ப்பவருக்கும் தெரியாது, வருணனையாளருக்கும் தெரியாது. இருட்டறையில் கபடி நடத்தி அதற்கு என்னை வருணனை சொல்லச் சொன்னால் நான் என்ன சொல்வேனோ, அதைத்தான் அன்றைய வருணனையாளர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நிலையை மாற்றியவர் ஹென்றி ஓரன்ஸ்டைன். போலந்தில் பிறந்து, நாஜிகளின் வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பி, அமெரிக்கா சென்று பொம்மைத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர். ஆட்டக்காரர் மூடி வைத்திருக்கும் இரண்டு சீட்டுகளைப் பார்வையாளருக்கு மட்டும் காட்டும் கேமரா ஏற்பாட்டுக்கு 1990களில் அவர் காப்புரிமை பெற்றார். பிரிட்டனில் 1999இல் சேனல் 4 தொலைக்காட்சியின் நள்ளிரவுப் போக்கர் நிகழ்ச்சியில் மேசையின் விளிம்பில் கண்ணாடி பதித்து, அதன் அடியில் கேமராவை வைத்தார்கள். 2003இல் அமெரிக்காவில் உலகப் போக்கர் டூர் என்ற நிகழ்ச்சியும், ஈஎஸ்பிஎன் ஒளிபரப்பிய உலகத் தொடரும் இதே உத்தியைக் கையாண்டபோது நிலைமை தலைகீழாக மாறியது. விளையாடுபவனுக்குத் தெரியாதது பார்ப்பவனுக்குத் தெரியும் என்ற ஏற்பாடு விளையாட்டு ஒளிபரப்பில் மிக அரிது. கிரிக்கெட்டில் அடுத்த பந்து எப்படி வரும் என்பது மட்டையாளருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. போக்கரில் நாம் எல்லாச் சீட்டையும் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாமல் தடுமாறும் மனிதனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் வீட்டில் என் மகன் கைப்பேசியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அருகில் பீடி சுற்றிக்கொண்டிருந்த என் மாமியார் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, சீட்டும் தெரியாது. படத்தின் ஓரத்தில் ஒருவர் பெயருக்கு நேரே 82 என்றும் மற்றவர் பெயருக்கு நேரே 18 என்றும் இருந்தது அவரவர் வெல்லும் வாய்ப்பின் விழுக்காடு என்று பேரன் விளக்கிச் சொன்னான். "ஏலே, அந்த 18காரனுக்கு இது தெரியாதாக்கும்? பாவம்லா அவன், எல்லாத்தையும் தூக்கி வைக்கானே!" என்றவர், கையிலிருந்த இலையைத் தட்டிலேயே போட்டுவிட்டு அந்த ஆட்டம் முடியும்வரை நகரவில்லை. அவரைச் சூதாட்ட வெறியர் என்று தங்கள் கட்டுரையாளர்கூடச் சொல்லமாட்டார் என்று நம்புகிறேன்.

அந்த 82க்கும் 18க்கும் பின்னால் சாத்திரமோ கைராசியோ கிடையாது. இருவர் கையிலும் உள்ள நான்கு சீட்டு போக 48 சீட்டு மீதி; அவற்றிலிருந்து ஐந்து சீட்டு திறக்கப்படக்கூடிய வழிகள் 17,12,304. கணினி அத்தனையையும் எண்ணி, எத்தனை வழிகளில் யார் வெல்வார் என்று விழுக்காடாகக் காட்டுகிறது. இரண்டு ஏஸ் வைத்திருப்பவரும் இரண்டு ராஜா வைத்திருப்பவரும் மோதினால் ஏறக்குறைய அந்தக் கணக்குதான் வரும். அதாவது ஏஸ் வைத்திருப்பவர் ஐந்தில் ஒரு முறை தோற்பார். இதை இயல்பானது என்று சொல்லும் வருணனையாளர் நேர்மையானவர். கொடுமை, அநியாயம் என்று கூவுபவர் பார்ப்பவரைத் தவறாகப் பழக்குகிறார்.

பொதுவாக இருவர் சேர்ந்தே வருணனை சொல்கிறார்கள். ஈஎஸ்பிஎன்னில் அந்நாட்களில் லான் மெக்கேக்ரன் ஆட்டத்தின் போக்கை நிதானமாகச் சொல்வார். செய்தித்தாளில் விளையாட்டுப் பத்தி எழுதி வந்த நார்மன் சாட் அதற்குக் கிண்டலாக ஒத்து ஊதுவார். உலகப் போக்கர் டூரில் வருணனை சொன்ன மறைந்த மைக் செக்ஸ்டன் தொழில்முறைப் போக்கர் ஆட்டக்காரர். உடன் இருந்த வின்ஸ் வான் பாட்டன் நடிகர், முன்னாள் டென்னிஸ் வீரர். நம் ஊர் வில்லுப்பாட்டில் புலவர் கதையை நகர்த்த, குடம் தட்டுபவர் "ஆமா" போட்டுக்கொண்டே கூட்டத்தின் சார்பில் கேள்வியும் கேட்பாரே, அதே அமைப்புதான். வில்லுப்பாட்டு கேட்பவருக்குக் கதையின் முடிவு முன்பே தெரியும். 2003 உலகத் தொடரும் ஆட்டம் முடிந்து சில வாரங்கள் கழித்தே ஒளிபரப்பானதால் வென்றது யார் என்று பலருக்குத் தெரிந்துதான் இருந்தது. இருந்தும் பார்த்தார்கள்.

அந்தப் போட்டியின் இறுதியில் எஞ்சியவர்கள் இருவர். ஒருவர் டென்னசி மாநிலத்துக் கணக்கர் கிறிஸ் மணிமேக்கர், இயற்பெயரே அதுதான். மற்றவர் லெபனானில் பிறந்த தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபார்ஹா, பற்ற வைக்காத சிகரெட்டை உதட்டில் கவ்வியபடி ஆடுபவர். ஓர் ஆட்டத்தில் மணிமேக்கரிடம் ஸ்பேடு ராஜாவும் ஆட்டீன் ஏழும், ஃபார்ஹாவிடம் ஸ்பேடு ராணியும் ஆட்டீன் ஒன்பதும் இருந்தன. நடுவில் ஸ்பேடு ஒன்பது, டைமண்ட் இரண்டு, ஸ்பேடு ஆறு, பிறகு ஸ்பேடு எட்டு. ஃபார்ஹாவுக்கு ஒன்பதில் ஜோடி சேர்ந்துவிட்டது. மணிமேக்கருக்கு எதுவும் சேரவில்லை. ஆனால் மீதியிருந்த 44 சீட்டுகளில் எந்த ஸ்பேடு வந்தாலும் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேரும் ஃப்ளஷ்), ஐந்தோ பத்தோ (வரிசை) ராஜாவோ (பெரிய ஜோடி) வந்தாலும் அவருக்கு வெற்றி. எண்ணிப் பார்த்தால் 17 சீட்டு. வந்ததோ ஆட்டீன் மூன்று. கையில் வெறும் வெத்துச் சீட்டை வைத்துக்கொண்டு, பந்தயம் கட்டத் தம்மிடமிருந்த அத்தனை வில்லைகளையும் மணிமேக்கர் உள்ளே தள்ளினார். ஃப்ளஷ் தவறிவிட்டது போலிருக்கிறதே என்று ஃபார்ஹா வாய்விட்டே சொன்னார், சரியாகத்தான் கணித்திருந்தார். எதிரே இருந்தவர் வாய் திறக்கவில்லை, முகமும் மாறவில்லை. கடைசியில் ஃபார்ஹா வெற்றிச் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகினார். நூற்றாண்டு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றாலும் இந்த நூற்றாண்டின் பாவ்லா இதுதான் என்னும் பொருள்படச் சாட் சொன்னது இன்றும் பேசப்படுகிறது.

அந்த இடத்தில் வருணனையாளருக்கு உள்ள சிக்கலைக் கவனிக்க வேண்டும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்களின் தமிழ்க் கிரிக்கெட் வருணனையை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். மைதானத்தைப் பார்க்க முடியாத நமக்கு அவர் கண்ணாக இருந்தார். எனவே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குப் படம் தெரிவதால் வருணனையாளர் குறைத்துப் பேசலாம். போக்கரிலோ பார்ப்பவருக்கு ஆட்டக்காரரைவிடக் கூடுதலாகத் தெரிகிறது. நல்ல வருணனையாளர் அப்போது தாம் பார்த்த சீட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, ஃபார்ஹாவின் நாற்காலியில் அமர்ந்து பேச வேண்டும்: இவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான், எதிராளி இதுவரை பந்தயம் கட்டிய விதம் இப்படி, இதிலிருந்து இவர் எதை ஊகிக்க முடியும் என்று. அப்படிச் சொல்லும்போதுதான் ஆட்டம் தெரியாதவருக்கும் அந்த மனிதனின் திணறல் புரிகிறது. "இதைப் போய்க் கவிழ்ப்பார்களா?" என்று ஏளனம் செய்வது எளிது. கபடியில் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, பாடிப் போனவன் ஏன் திரும்பினான் என்று கேட்பவர்களை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும்.

கட்டுரையாளரின் அச்சத்தில் உள்ள நியாயத்துக்கு இப்போது வருகிறேன். பார்ப்பதற்கும் ஆடுவதற்கும் நடுவே உள்ள வரப்பை வருணனையே சில சமயம் அழித்துவிடுகிறது. மணிமேக்கர் 86 டாலர் கட்டி இணையத் தகுதிச் சுற்றில் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றார் என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. கணக்கெழுதும் ஒருவனால் முடியுமென்றால் நம்மால் முடியாதா என்று நினைத்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர். அவர் வென்ற 2003ஆம் ஆண்டுப் பிரதானப் போட்டியில் கலந்துகொண்டோர் 839 பேர். அடுத்த ஆண்டு 2,576, அதற்கடுத்த ஆண்டு 5,619, 2006இல் 8,773. இணையத்தில் தகுதிச் சுற்றுகள் பெருகியதும் ஒரு காரணம்தான். ஆனால் ஒளிபரப்பின் பங்கை யாரும் மறுப்பதில்லை.

தொகுத்து வெளியிடும் நிகழ்ச்சிகளில் வெட்டி எறியப்படும் பகுதியைப் பற்றி வருணனையில் ஒரு சொல்லும் வருவதில்லை என்பதே என் முதன்மையான குறை. ஒருவருக்கு இரண்டு ஏஸ் வரும் வாய்ப்பு 221இல் ஒன்று. நேரில் ஆடும் மேசையில் மணிக்கு முப்பது ஆட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், சராசரியாக ஏழு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தால்தான் ஒருமுறை வரும். ஒன்பது பேர் மேசையில் தேர்ந்த ஆட்டக்காரர் தமக்கு வரும் சீட்டுகளில் ஏறக்குறைய முக்கால் பங்கை ஆடாமலே கவிழ்த்துவிடுகிறார். நாள்கணக்கில் நடக்கும் போட்டியைச் சில மணி நேரமாகச் சுருக்கும்போது இந்தக் கவிழ்ப்புகளும், காத்திருப்பும், கொட்டாவியும் காணாமல் போகின்றன. பாவ்லாவும் பெருவெற்றியும் மட்டும் தங்குகின்றன. அதோடு எல்லாச் சீட்டும் தெரிந்த நிலையில் பார்த்துப் பழகியவனுக்கு, நான் அங்கே இருந்தால் கண்டுபிடித்திருப்பேன் என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. மேசையில் உட்கார்ந்தால் கண்ணாடியும் கேமராவும் அவனுக்குக் கிடையாது.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றுக்கான விளம்பரங்களையும் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியுள்ளது. அதைப் பற்றி நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெளிநாட்டுப் போட்டிகளைப் பார்ப்பதை அச்சட்டம் குற்றமாக்கவில்லை. கைப்பேசி உள்ளவரை அந்தக் காணொளிகள் வந்துகொண்டேதான் இருக்கும். எனவே இவற்றுக்குத் தமிழில் குரல் கொடுக்க முன்வருவோரிடம் சிலவற்றை வேண்டிக்கொள்ளலாம். இந்த ஆட்டத்துக்கும் இதற்கு முன் காட்டிய ஆட்டத்துக்கும் இடையே எத்தனை ஆட்டங்கள் விடுபட்டன என்று சொல்லுங்கள். போட்டிக்கு வந்தவர்களில் எத்தனை பேர் கட்டிய பணத்தை இழந்து வெளியேறினார்கள் என்பதையும், வென்றவரின் தொகையைச் சொல்லும் அதே குரலில் சொல்லுங்கள். கபடியில் நாங்கள் பிடிபட்டவன் பெயரையும் சொல்லித்தானே ஆகிறோம். இதனால் சுவை குன்றிவிடும் என்று நான் நினைக்கவில்லை. என் மாமியாரைக் கட்டிப்போட்டது பரிசுத் தொகை அன்று, அது எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை.

கடைசியாக ஒரு திருத்தம். ஆட்டக்காரர்களின் மறைசீட்டுகள் நேரலையில் அந்த நொடியே உலகுக்குக் காட்டப்படுவதாகவும், எனவே வெளியிலிருந்து சைகை காட்டி ஏமாற்றுவது எளிது என்றும் கட்டுரையில் உள்ளது. பெரிய போட்டிகளின் நேரலை எனப்படுவது, இந்த ஏமாற்றைத் தடுப்பதற்காகவே, பெரும்பாலும் அரை மணி நேரம் போலத் தாமதித்து ஒளிபரப்பப்படுகிறது. நம் திரையில் சீட்டு தெரியும்போது அந்த ஆட்டம் முடிந்து, சீட்டுக்கட்டு பலமுறை கலைக்கப்பட்டிருக்கும். அடுத்த ஞாயிறு இணைப்பில் இதைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
மூலைக்கரைப்பட்டி, திருநெல்வேலி மாவட்டம்.