முப்பது ஆண்டு காத்திருந்தது வீண் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்வெளியிலிருந்து பூமிக்கு வரும் அதி உயர் ஆற்றல் காஸ்மிக் கதிர்களை, அதாவது நுண்துகள்களை, ஆராய்ந்த ஓர் இயற்பியலாளரைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இப்படி ஒரு விஷயத்துக்கு முழுப் பக்கம் கொடுத்ததற்கு முதலில் நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி: முப்பது ஆண்டு காத்திருந்தும் அந்தக் கதிர்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கு விடை கிடைக்காமலே அவர் ஓய்வு பெற்றார் என்று. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

பக்கத்து வீட்டம்மா அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். "அண்ணாச்சி, இதப் படிச்சியளா? இவ பிசிக்ஸ்தான் படிப்பேங்கா. முப்பது வருசம் உக்காந்தும் ஒண்ணும் கிடைக்கலன்னு போட்டிருக்கே?" என்றார். அந்தப் பெண் வாசல்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை.

நான் கல்லூரி இயற்பியல் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாடம் நடத்தியதில்லை. கருவிகளைத் துடைத்து, பழுது பார்த்து, மாணவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதில் கதிரியக்கத்தை எண்ணும் கைகர் கவுண்ட்டர் ஒன்று. முதலில் கதிரியக்க மூலத்தை ஈயப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு, எதுவும் வைக்காமலே எண்ணச் சொல்வோம். அப்போதும் அது டிக்... டிக் டிக்... என்று விட்டுவிட்டு அடிக்கும். நிமிடத்துக்கு இருபது, முப்பது. பெரும்பாலான மாணவர்கள் அந்த எண்ணை நோட்டில் எழுதி, பிறகு கழித்துவிடுவார்கள். ஒரே ஒரு பையன்தான், "அண்ணே, பெட்டி பூட்டியிருக்கே, இது எங்கேருந்து வருது?" என்று கேட்டான். பாதிக்கு மேல் மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் வருவது, மிச்சம் வானத்திலிருந்து வருவது என்று பேராசிரியர் சொன்னார். விரல் நகம் அளவு இடத்தில் நிமிடத்துக்கு ஒன்று வீதம், வானத்திலிருந்து வரும் மியூயான் என்ற நுண்துகள் நம் எல்லார் உடம்பிலும் பாய்ந்துகொண்டே இருக்கிறது. அன்று மாலை கூடத்தைப் பூட்ட விடாமல் அந்தப் பையன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிறகு அவன் ஆராய்ச்சிக்கே போனான்.

நாம் எண்ணியதில் வானத்திலிருந்து வந்தவை, சாதாரணக் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி உண்டான வாரிசுகள். உங்கள் கட்டுரையில் வந்தவை வேறு ரகம். 1991 அக்டோபர் 15 இரவு அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் பதிவான ஒன்றின் ஆற்றல் 32-ஐ அடுத்து 19 சைபர் போட்ட எலெக்ட்ரான் வோல்ட் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு). இதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: ஐந்து கிலோ அரிசிப் பை இடுப்பு உயரத்திலிருந்து காலில் விழுந்தால் என்ன அடி விழுமோ, அவ்வளவும் ஒற்றை அணுக்கருவுக்குள். அணுவில்கூட நடுவே இருக்கும் துளிதான் அணுக்கரு. அதற்குள் இவ்வளவு வேகத்தை எது ஏற்றியது? இந்தக் கேள்வியை ஒரு மனிதர் முப்பது ஆண்டு சுமந்தார் என்றால் அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

காத்திருப்பு ஏன் இவ்வளவு நீளம் என்பதைக் கட்டுரை விளக்கியிருக்கலாம். 1-ஐ அடுத்து 20 சைபர் என்ற அளவைத் தாண்டும் கதிர், ஒரு சதுர கிலோமீட்டரில் நூறு ஆண்டுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆகவே ஒரே வழி, பெரிய நிலத்தை விரித்து வைப்பது. மேலே காற்றில் மோதும் ஒரு துகள் ஆயிரம் கோடிக் கணக்கில் துகள்களாக உடைந்து, பல கிலோமீட்டர் அகலத்துக்கு மழைபோல இறங்கும். அந்த மழையைப் பிடிக்க அர்ஜென்டினாவில் மலார்குவே என்ற ஊரை ஒட்டி 3,000 சதுர கிலோமீட்டரில் பியர் ஓஷே ஆய்வகத்தை அமைத்தார்கள். இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு! 1,600-க்கும் மேற்பட்ட தொட்டிகள், ஒன்றுக்கொன்று ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி. ஜங்ஷனில் ஒன்று, பாலம் தாண்டி வண்ணார்பேட்டையில் ஒன்று என்று தொடங்கி, நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம் வரை வரிசையாக வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தொட்டியிலும் 12,000 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர். கோடையில் நம் தெருவுக்கு வந்து நிற்கும் பெரிய தண்ணீர் லாரியின் கொள்ளளவு. உள்ளே கும்மிருட்டு. துகள் அந்தத் தண்ணீரைக் கடக்கும்போது இமைக்கும் நேரத்தில் கோடியில் சில பங்கு மட்டும் ஒரு நீல ஒளி தோன்றும். மேலிருந்து ஒளியை உணரும் மூன்று குழாய்கள் அதைப் பிடிக்கும். மின்சாரத்துக்குச் சூரியத் தகடும் பேட்டரியும், செய்தி அனுப்ப ரேடியோ. இதுபோக, நிலவில்லாத தெளிந்த இரவுகளில் அந்தத் துகள் மழை பட்டுக் காற்றே லேசாக ஒளிர்வதைப் பார்க்க 27 தொலைநோக்கிகள். இவற்றையெல்லாம் யாராவது தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும் இல்லையா? அன்று கைகர் கவுண்ட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் பையன் ஊருக்கு வரும்போது சொல்வான்: "அண்ணே, வருசத்துல பாதி நாள் செத்த பேட்டரி மாத்தறதும் எலி கடிச்ச கேபிளத் தேடறதும்தான் என் ஆராய்ச்சி." வருத்தமாகச் சொன்னதில்லை. கருவியோடு வாழ்ந்தவன் என்பதால் அது எனக்குப் புரிந்தது.

இந்தத் துறையில் பெரியவர்கள் எல்லாரும் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்கள். 1962-ல் நியூ மெக்சிகோவின் வால்கேனோ ராஞ்சில் ஜான் லின்ஸ்லி தாமே பராமரித்த கருவிகளைக்கொண்டுதான் 1-ஐ அடுத்து 20 சைபர் என்ற அளவு ஆற்றலுள்ள முதல் கதிரைப் பதிவு செய்தார். ஆலன் வாட்சன் இங்கிலாந்தின் ஹேவரா பார்க்கில் இருபது ஆண்டு தண்ணீர்த் தொட்டிகளோடு பழகியவர். ஜேம்ஸ் குரோனின் 1980-லேயே நோபல் பரிசு வாங்கிவிட்டார், அதுவும் வேறொரு வேலைக்கு. அறுபது வயதை ஒட்டி, ஓய்வெடுக்க வேண்டிய காலத்தில், வாட்சனோடு சேர்ந்து நாடு நாடாகப் போய் ஆதரவு கேட்டு அர்ஜென்டினா ஆய்வகத்தை எழுப்பினார். 2016-ல் காலமானார். மறு ஆண்டு செப்டம்பரில்தான் அந்த ஆய்வகத்தின் முக்கியமான முடிவு அச்சில் வந்தது.

அந்த முடிவைத்தான் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. பன்னிரண்டு ஆண்டில் சேர்ந்த 30,000-க்கும் மேற்பட்ட கதிர்களை வரிசைப்படுத்திப் பார்த்ததில், 8-ஐ அடுத்து 18 சைபர் என்ற ஆற்றலைத் தாண்டியவை வானத்தின் ஒரு பாதியிலிருந்து சற்றுக் கூடுதலாக வருவது தெரிந்தது. நம் பால்வீதியின் மையம் இருக்கும் திசை அது இல்லை. அதிலிருந்து வெகுவாக விலகிய திசை. அப்படியென்றால் இவை நம் பால்வீதிக்கு வெளியே பிறந்தவை. ஐம்பது ஆண்டு நடந்த வாதம் அதோடு தீர்ந்தது. எந்த வீடு என்று தெரியவில்லை, ஆனால் நம் தெரு இல்லை என்று உறுதியாகிவிட்டது. இது ஒன்றும் கிடைக்காததா?

இன்னொன்றும் உண்டு. மிக அதிக ஆற்றலுள்ள கதிர், பெருவெடிப்பின் மிச்சமாக வெளியெங்கும் நிறைந்திருக்கும் பழைய நுண்ணலைகளில் மோதி மோதிச் சக்தி இழக்கும் என்று 1966-ல் அமெரிக்காவில் கிரைசனும், ரஷ்யாவில் ஸட்செப்பினும் குஸ்மினும் கணக்குப் போட்டார்கள். கணக்குச் சரியென்றால் 5-ஐ அடுத்து 19 சைபருக்கு மேல் எண்ணிக்கை சட்டென்று இறங்க வேண்டும். அந்த இறக்கத்தை 2008-ல் யூட்டாவிலும் அர்ஜென்டினாவிலும் பார்த்துவிட்டார்கள். அது வழியில் இழந்ததா, அனுப்பிய இடத்தின் திறனே அவ்வளவுதானா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. வரும் துகள்களுக்கு மின்னேற்றம் இருப்பதால் வழியில் உள்ள காந்தப்புலங்கள் பாதையை வளைத்துவிடுகின்றன. வந்த திசையைப் பார்த்து மட்டும் ஊரைச் சொல்ல முடியாததற்கு அதுதான் காரணம். 2021 மே 27-ல் யூட்டாவில் வந்த ‘அமத்தெராசு’ துகளின் திசையில் போய்ப் பார்த்தால் கேலக்சிகளே குறைவான வெற்றிடம்.

அந்த அம்மாவுக்காக இன்னும் ஒரு விஷயம். இதெல்லாம் வெளிநாட்டுக்காரர் வேலை என்று அவர் நினைக்கிறார். ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வகம் நடக்கிறது. அங்கே பிடிப்பது இவ்வளவு உச்ச ஆற்றல் இல்லை, அதற்குக் கீழே உள்ள வரிசை. ஆனால் துகள் படும்போது ஒளிரும் பிளாஸ்டிக்கை அங்கேயே வார்க்கிறார்கள். 2014 டிசம்பர் 1-ல் ஒரு இடிமேகம் மேலே கடந்தபோது மியூயான் எண்ணிக்கை குறைந்ததை வைத்து, அந்த மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததாக அங்கே கணக்கிட்டார்கள். காஸ்மிக் கதிரைப் பிடிக்கப் போனவர்கள் இடிமேகத்தை அளந்து வந்தார்கள்! அவ்வளவு ஏன், பாளையங்கோட்டையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு நாம் பக்கத்தில் இருப்பதால்தான் இந்த இடம். ஆற்றல் குறைந்த காஸ்மிக் கதிர்களை பூமியின் காந்தம் இங்கே தடுத்துத் திருப்பிவிடும். நம் தலைக்கு நேர் மேலே இறங்க வேண்டுமானால் கிட்டத்தட்ட 1,700 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டாவது வேண்டும். இதைக் கேட்டதும் அதுவரை வாசல்படியில் நின்ற பெண் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

அவளுக்கு வேலை கிடைக்குமா என்று அம்மா கேட்டார். அதற்கு நான் உறுதி சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் நிரந்தர இடம் கிடைப்பதில்லை; எங்கள் பையனும் பல ஆண்டு தற்காலிகச் சம்பளத்தில்தான் இருந்தான். அதைக் கட்டுரையில் எழுதியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன். ஆனால் வேலைக்குச் சிரமம் என்பது ஒன்று, செய்த வேலை பயனற்றது என்பது வேறு. இரண்டாவதை அந்தப் பத்தி சொல்லாமல் சொல்லிவிட்டது.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த இணைப்பில் நான்கு வரி போதும்: பால்வீதிக்கு வெளியிலிருந்து வருகின்றன என்று 2017-ல் தெரிந்ததையும், ஊட்டியிலும் கிருஷ்ணாபுரத்திலும் ஆய்வகங்கள் இருப்பதையும் போடுங்கள். முடிந்தால் அந்தத் தண்ணீர்த் தொட்டியின் படத்தையும். கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இதழ் வந்ததும் நானே எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆய்வக உதவியாளர்,
பாளையங்கோட்டை