கூட்டாளி என்ற சொல்லைத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஆறு ஆண்டுகளாக எழுதிவந்த என் நாவல் சென்ற வாரம் அச்சுக்குப் போயிற்று. 1886ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக் கஸ்டர் கவுண்டியில், மரமே இல்லாத புல்வெளியில் தனியாளாக உழுது பிழைத்த ஒருவனையும், மணமக்கள் தேடுவோருக்கான பத்திரிகை ஒன்றின் விளம்பரம் வழியாக அவனுக்குக் கடிதம் எழுதத் தொடங்கி, கடைசியில் அவனுடைய வாழ்க்கைத் துணையாகவே ரயிலேறி வந்து சேர்ந்த மற்றொருவனையும் பற்றிய கதை அது. நூலில் நன்றி சொல்ல எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பக்கம். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பெரும்பாலோர் கேட்டுக்கொண்டீர்கள். ஆகவே, பெயர்களை விட்டுவிட்டு, நீங்கள் செய்ததை மட்டும் விடாமல் எழுதிவிட வேண்டும் என்றே இந்த மடலைப் பொதுவில் வைக்கிறேன்.

முதல் நன்றி அதே நெப்ராஸ்காவின் ஓமாஹா நகரில் வேலை பார்க்கும் நண்பருக்கு. நான் அந்த மண்ணை மிதித்ததில்லை. குடும்பத் தலைவராகவோ 21 வயது நிரம்பியவராகவோ உள்ள குடிமக்கள் 160 ஏக்கர் வரை கேட்டுப் பெறலாம், 5 ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் அவர்களுக்கே சொந்தம் என்று 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம் சொன்னதை எங்கிருந்தும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அரை மைல் நீளமும் அரை மைல் அகலமும் உள்ள ஒரு நிலத்தின் நடுவில் ஒருவன் இரவில் விளக்கை அணைத்தால் என்ன கேட்கும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு சனவரி இரவில் புரோக்கன் போ ஊருக்கு வெளியே காரை நிறுத்தி, விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் கைப்பேசியைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டிப் பிடித்தீர்கள். அந்தக் காற்றின் ஓசையைக் கேட்டபடியே என் முதல் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன்.

சாலமன் புட்சர் 1886 முதல் அந்தக் கவுண்டி முழுவதும் வண்டி கட்டிக்கொண்டு போய் எடுத்த புகைப்படங்களை எனக்குக் காட்டியவரும் நீங்கள்தான். புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிய வீட்டின் முன்னால் மாட்டையும் குதிரையையும் கலப்பையையும் நிறுத்தி எடுத்த படங்கள் அவை. மனைவி மக்கள் இல்லாமல் ஆண்கள் மட்டுமே நிற்கும் படங்களும் அவற்றுள் உண்டு. அவர்களைப் பற்றி இல்லாததைச் சொல்லிவிடாதே என்று எச்சரித்தீர்கள். இருவர் தோள் உரச நிற்பது எதற்கும் சான்றாகாது என்பதை ஏற்றுக்கொண்டேன். அதே வேளையில், டகோட்டா ஆட்சிப்பகுதியில் ஆபிரகாம் லிங்கன் கோட்டையில் நடந்ததையும் நீங்களே கொண்டுவந்து கொடுத்தீர்கள். அமெரிக்க ராணுவத்தின் ஏழாம் குதிரைப்படைக்குத் துணி வெளுப்பவராகவும் பிரசவம் பார்ப்பவராகவும் ஊர் மதிக்க வாழ்ந்து, ஒரு படைவீரனுக்கு மனைவியாகவும் இருந்த ஒருவர் 1878இல் இறந்தபோதுதான் அவருடைய உடல் ஆணுடல் என்பது வெளியே தெரிந்தது. ஏளனம் தாங்காமல் அந்தக் கணவர் அதே ஆண்டில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். இன்றைய சொற்களில் அந்த மனைவியைத் திருநங்கை என்று அழைப்பதே பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆகையால் அது என் கதை மாந்தரின் கதை அன்று. இருந்தாலும், அந்தக் கணவர் நினைவில் நின்றதால்தான், ஊராரின் பேச்சு என்பது என் நாவலில் பனிப்புயலைவிடப் பெரிய அச்சமாக ஆயிற்று.

கும்பகோணம் பக்கத்துக் கிளை அஞ்சலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயாவுக்கு அடுத்த வணக்கம். அமெரிக்கக் கிராமங்களில் வீடு தேடி வந்து தபால் கொடுக்கும் வழக்கம் 1896இல்தான் தொடங்கியது என்பதால், என் உழவன் ஒவ்வொரு கடிதத்துக்கும் மைல் கணக்கில் குதிரையில் போக வேண்டியிருந்தது. நான் அவனை அஞ்சலகத்துக்குள் நுழைந்ததும் "எனக்குக் கடிதம் வந்திருக்கிறதா?" என்று கேட்க வைத்திருந்தேன். நீங்கள் அந்த வரியில் கையை வைத்து, கடிதத்துக்காக ஏங்குகிறவன் ஒருநாளும் அப்படிக் கேட்க மாட்டான், பையைப் பிரிக்கிற நேரம் பார்த்து வந்து, தபால் தலை வாங்குகிறவனைப் போல ஓரமாக நிற்பான் என்றீர்கள். இப்போது அவன் இரண்டு சென்ட் தபால் தலை ஒன்றை வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்கிறான். அந்த அத்தியாயம் முடியும்போது அவனிடம் தேவைக்கு மேல் பதினோரு தபால் தலைகள் சேர்ந்துவிட்டிருக்கின்றன. அந்தப் பதினொன்றும் நீங்கள் கொடுத்தவை.

மதுரையில் இருக்கும் தமிழாசிரியை அம்மாவுக்கு நான் பட்டிருக்கும் கடன் இவற்றுக்கெல்லாம் மேலானது. கன்சாஸ் சிட்டியிலிருந்து வந்த மணமக்கள் பத்திரிகையில் விளம்பரங்கள் பெயரில்லாமல் எண்களோடு வெளிவந்தன. 40 சொற்களுக்குள் இருந்தால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆண்களுக்கு 25 சென்ட். என் உழவன் அந்த 25 சென்டைக் கட்டி, 40 சொற்களில் தன் தனிமையைச் சொல்கிறான். பதில் எழுதுகிறவன் முதலெழுத்துகளை மட்டும் கையெழுத்தாகப் போடுகிறான். தான் பெண் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. தமிழில் தன்மை வினைமுற்று பால் காட்டாது, ஆகவே அவனுடைய கடிதங்களைத் தமிழில் எழுதுவதில் உனக்குத் தொல்லை இல்லை, உழவன் அவனைப் பற்றிப் பிறரிடம் பேசும் இடத்தில்தான் மாட்டிக்கொள்வாய் என்று சொன்னீர்கள். அந்த உழவன் பேசியிருக்கக்கூடிய ஆங்கிலத்தில் அவனுக்கு ஒளிய இடமில்லை. தமிழில் "அவர்" இருக்கிறது. "அவர் எழுதியிருக்கிறார்", "அவருக்குக் குளிர் பழக்கமில்லையாம்" என்று அவன் அண்டை வீட்டாரிடம் சொல்லும் வாக்கியங்களை நீங்களும் நானும் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து திருத்தினோம்.

அன்று புறப்படும்போது நீங்கள் கேட்ட கேள்வியால் நாவலின் எலும்பே மாறிப்போனது. ரயில் நிலையத்தில் இறங்கும்வரை உண்மையைச் சொல்லாதவனை நான் ஏன் நேசிக்க வேண்டும் என்று கேட்டீர்கள். எனக்கு விடை தெரியவில்லை. நான்கு மாதங்கள் எழுதாமல் இருந்தேன். பிறகுதான் ஐந்தாம் கடிதம் பிறந்தது. அதில் அவன் தன்னை முழுவதும் சொல்லிவிடுகிறான். இதற்குப் பதில் வராவிட்டாலும் வருத்தம் இல்லை, இதுவரை வந்த நான்கையும் பத்திரமாக வைத்திருப்பேன் என்று முடிக்கிறான். மூன்று வாரம் கழித்து உழவனிடமிருந்து ஒரு வரிகூட இல்லாமல் ரயில் கட்டணம் மட்டும் உறையில் வருகிறது. இதை வாசித்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தைத்தான் சொல்கிறார்கள் அம்மா.

கதையைக் கேட்டுவிட்டு, அந்த 160 ஏக்கர் அதற்கு முன் யாருடையது என்று கேட்ட திருநெல்வேலிச் சட்டக் கல்லூரி மாணவிக்கும் நன்றி. பானி என்னும் பூர்வகுடி மக்கள் லூப் ஆற்றங்கரை ஒதுக்கிடத்திலிருந்தும் 1870களில் பெயர்ந்து இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக நேர்ந்ததை நான் முதல் வரைவில் எழுதவே இல்லை. என் இரு மாந்தரும் ஒதுங்க இடம் தேடியவர்கள் என்பதாலேயே, பிறரை ஒதுக்கி எடுத்த இடம் அது என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் வாதிட்டது சரியே. ஏழாம் அத்தியாயத்தில் கலப்பை முனையில் தட்டுப்படும் கல் அம்பு முனைக்கு நீங்களே காரணம்.

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் போடும் அண்ணன், நான் எழுதிய உழவுக் காட்சியை இரண்டு பக்கத்துக்கு மேல் படிக்க மறுத்துவிட்டார். காலங்காலமாகப் புல் வேரோடிய கரம்பை முதல்முறை புரட்டினால் அது பாளம் பாளமாகத்தான் கிடக்கும், அதில் சால் பிடித்து விதைப்பது எப்படி என்று கேட்டார். தேடிப் பார்த்தேன்; அந்தக் குடியேறிகளும் முதல் ஆண்டில் கோடாரியால் பாளத்தைக் கொத்திப் பிளந்து, அந்தப் பிளவில்தான் விதையைப் போட்டிருக்கிறார்கள். விறகில்லாத அந்த வெளியில் அவர்கள் சாணத்தை எரித்தார்கள் என்பதை நான் அருவருப்போடு எழுதியிருந்தபோது, என் அத்தை, வறட்டித் தணல் எப்படிச் சட்டென்று பிடித்து எவ்வளவு சாம்பலைத் தள்ளும் என்று சொல்லி, அதில் முகம் சுளிக்க என்ன இருக்கிறது என்றார். அந்தக் காட்சியில் இப்போது முகச்சுளிப்பு இல்லை.

ஐந்தாம் கடிதத்தை எடுத்துவிட்டு வந்தவனைப் பெண்ணாக மாற்றினால் வெளியிடலாம் என்று ஒரு பதிப்பகம் சொன்னது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு காற்புள்ளியைக்கூட என்னைக் கேட்காமல் நகர்த்தாத இப்போதைய பதிப்பாளருக்கும், மெய்ப்புப் பார்த்த தம்பிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

கடைசியாக, கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெரியவரே, உங்களுக்கு. 1880இல்தான் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று முதன்முதலாகக் கேட்டார்கள். அந்தத் தாள்களில், ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த இரண்டு ஆண்களில் இரண்டாமவரைப் "பார்ட்னர்" என்று குறித்த இடங்கள் உண்டு. தொழிலில் பங்கு கொண்டவராகவே அவர்களில் பலர் இருந்திருக்கலாம். 1885இல் நெப்ராஸ்கா எடுத்த கணக்கில் என் உழவன் தனி ஆள். 1890ஆம் ஆண்டுத் தாள்களில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் பிடித்த தீயிலும் அதற்குப் பின்னும் அழிந்துபோய்விட்டது. ஆக, 1900 சூனில் கணக்கெடுப்பவர் மறுபடி கதவைத் தட்டும்போது, இடையில் அவர்கள் வாழ்ந்த பதினான்கு ஆண்டுகளுக்கு எந்தத் தாளும் சாட்சி இல்லை. அந்த ஒரு சொல்லைத் தமிழில் என்னவென்று எழுதுவது? "பங்காளி" என்று எழுதிப் பார்த்தேன். நம்மூரில் அது வரப்புச் சண்டையை நினைவூட்டும் சொல். "துணைவர்" என்றால் அந்த அதிகாரி எழுதியிருக்கவே மாட்டார்.

உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது, நீங்கள் நெடுநேரம் மஞ்சள் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, "முப்பத்தெட்டு வருசம் ஊர்ல யாரு கேட்டாலும் எங்கூட்டாளின்னுதான் தம்பி சொன்னேன், அவரும் அப்படித்தான் சொன்னாரு" என்றீர்கள். வயது வந்தோர் இசைந்து கொள்ளும் ஒருபால் உறவு 377ஆம் பிரிவின் கீழ் இனிக் குற்றமன்று என்று 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர் உயிரோடு இருந்தார் என்றும், வானொலியில் கேட்டுவிட்டு இருவரும் ஒன்றும் பேசாமல் தண்ணீர் பாய்ச்சப் போனீர்கள் என்றும் சொன்னீர்கள். நாவலின் கடைசி வரியில் கணக்கெடுப்பவர் அந்தக் கட்டத்தில் எழுதுவது உங்கள் சொல்லைத்தான்.

அடுத்த மாதம் படிகள் வந்துவிடும். மற்றவர்களுக்குத் தபாலில் அனுப்புகிறேன். ஐயா, உங்களுக்குச் சிறிய எழுத்து தெரியாது என்பதால் நானே கொண்டுவருகிறேன். இரண்டு நாள் தங்கி முழுவதையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போவேன்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளன்