மணியும் இரண்டு முட்டையும்: ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் சத்துணவுக் கூடத்தில் இரண்டு முட்டைகள் குறைந்தன. வாசலில் படுத்திருக்கும் நாய் மணியை அதட்டியது நான்தான். காதை மடக்கி, வாலை ஒடுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. "திருட்டு முழியைப் பாருங்க சார்" என்றார் சத்துணவு அக்கா. நானும் நம்பினேன். அப்புறம் பார்த்தால், முட்டைகள் வேறொரு பாத்திரத்தில் இருந்தன.

"அப்போ அது ஏன் சார் அப்படி முழிச்சுது?" பிள்ளைகள் விடவில்லை.

இதே கேள்வியை நியூயார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 வளர்ப்பு நாய்களிடம் சோதித்துப் பார்த்து 2009-இல் வெளியிட்டார். தின்பண்டத்தைக் காட்டித் "தொடாதே" என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போவார். நாய் தின்றிருந்தாலும் இல்லாவிட்டாலும், திரும்பி வந்தவரிடம் சில முறை உண்மையும் சில முறை பொய்யும் சொல்லப்பட்டது. தின்றுவிட்டது என்று கேட்டவர் நாயைத் திட்டினார். தின்றதற்கும் அந்த முழிக்கும் சம்பந்தமே இல்லை, திட்டியதும் முழித்தன. தப்பே செய்யாமல் திட்டு வாங்கியவை இன்னும் அதிகமாக முழித்தன. நாய்க்குக் குற்றவுணர்ச்சியே கிடையாது என்று இதற்கு அர்த்தமில்லை. முகத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, அவ்வளவுதான்.

அதனால் விலங்குகளின் உணர்ச்சியை அறிய ஆய்வாளர்கள் வேறு வழிகளும் தேடுகிறார்கள். அந்த நாய்ச் சோதனைக்கு முன்பே, 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் யாக் பாங்க்செப் என்ற ஆய்வாளர் எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டினார். அவை மிகக் கூர்மையான ஒலியில், சுமார் 50 கிலோஹெர்ட்ஸில் கீச்சிட்டன. நம் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எட்டாது. வௌவால் ஒலியைப் பிடிக்கும் கருவியை வைத்துத்தான் கேட்டார். மூட்டிய கையைத் தேடி எலிகள் திரும்ப ஓடி வந்தன. சிரிப்புக்கு நெருங்கியது என்றார் அவர். எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை.

இந்தச் சனி, ஞாயிறுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டில் ஆடு, மாடு, பூனை, கோழி எது இருந்தாலும் பத்து நிமிடம் தள்ளி உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். "கோபம்", "பாவம்" என்றெல்லாம் எழுதக் கூடாது. காது எந்தப் பக்கம் திரும்பியது, வால் எப்படி இருந்தது, யார் வந்தபோது எழுந்தது, இவைதான் வேண்டும். தயவுசெய்து நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

குட்டி போட்ட நாயிடமும் தெரு நாய்களிடமும் பிள்ளைகளை விடாதீர்கள். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.

நோட்டைத் திங்கள் காலை கொடுத்தனுப்புங்கள். என் நோட்டும் வகுப்புக்கு வரும். முட்டைகள் கிடைத்த அன்று மாலை, நம் மணிக்கு ஒரு முட்டை வாங்கிப் போட்டேன். நான் நாலடி தள்ளிப் போன பிறகுதான் வந்து தின்றது. அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்