இரவு ஏழு மணிக்குப் பிறகு: மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கும் பிரிவுத் தலைவர்களுக்கும்,

வணக்கம். அலுவலக வாட்ஸ்அப் குழுக்கள் எப்படி ஓடுகின்றன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அவற்றை நடத்துவதே நீங்கள்தான். உங்களில் தமிழர்களும் இருக்கிறீர்கள், உங்கள் வீடுகளிலும் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

போன வாரம் இரவு எட்டரைக்கு, மறுநாள் மதியக் கூட்டத்துக்கான அட்டவணை எங்கள் குழுவில் வந்தது. பார்த்தேன், பதில் போடவில்லை. காலையில் அதே குழுவில், எல்லாருக்கும் முன்னால், என் பெயரைப் போட்டு “பார்த்துவிட்டு ஏன் பதில் இல்லை?” என்று கேட்டார் மேலாளர். ஏன் இல்லை என்று இங்கே சொல்கிறேன்.

என் மகள் தொடக்கநிலை ஆறில் படிக்கிறாள். ஆகஸ்ட்டில் பிஎஸ்எல்இ எனப்படும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தமிழ் வாய்மொழித் தேர்வு. ஒரு பகுதியை வாய்விட்டு வாசிக்க வேண்டும், ஒரு காணொளியைப் பார்த்து அதைப் பற்றிப் பேச வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற காரியமில்லை இது. வீட்டில் யாராவது தினமும் அவளோடு தமிழில் பேசினால்தான் வரும். எங்கள் வீட்டில் அது நான்தான். வேலை முடிந்து, எம்ஆர்டி ரயில் பிடித்து, சமைத்து, எல்லாரும் சாப்பிட்டு நான் உட்காரும்போது மணி எட்டாகிவிடும். ஒன்பதரைக்கு அவள் படுக்க வேண்டும்.

அன்றைக்கு உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காமல் போகிற ஒருவரைப் பற்றிய காணொளி. “நான் அந்த அண்ணனிடம் பணிவாக...” என்று தொடங்கினாள். மேசையில் போன் அதிர்ந்தது. நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். மறுபடி அதிர்ந்தது. அடுத்த முறை அவள் என்னைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்தாள். “ரிப்ளை பண்ணிட்டு வாங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள். குரலில் கோபம்கூட இல்லை, பழகிப்போயிருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. தமிழ்மொழி விழாவும் போட்டிகளும் வேண்டியவைதான். ஆனால் பிள்ளை வாயில் தமிழ் வருவது இந்த ஒன்றரை மணி நேரத்தில்தான், அதையும் நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்.

ஆகவே கேட்கிறேன்: இரவு ஏழு மணிக்குப் பிறகு குழுவில் வேலைச் செய்தி போடாதீர்கள்.

இது புதிய கோரிக்கையும் அல்ல. வேலை நேரத்துக்குப் பிந்திய தகவல் தொடர்புக்கு நிறுவனங்கள் ஒரு கொள்கை வகுத்துக்கொள்ளலாம் என்று 2020 நவம்பரில் அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய முத்தரப்பும் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பு சொல்கிறது. ஆலோசனைதானே என்று அது அலமாரியில் கிடக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட்டிலிருந்து, வேலை நேரத்துக்குப் பிறகு வரும் செய்திகளுக்குப் பொதுவாகப் பதில் சொல்லாமல் இருப்பது ஊழியரின் சட்டபூர்வ உரிமை. நம் கல்வி அமைச்சும் 2024 செப்டம்பரில், பள்ளி நேரத்துக்குப் பிறகு வரும் செய்திகளுக்கு ஆசிரியர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. என் மகளின் ஆசிரியருக்கு இரவில் செய்தி அனுப்ப எனக்கு மனம் வராது. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. எனக்கு இல்லையா?

அவசரமென்றால் கூப்பிடுங்கள். துவாஸ் துறைமுகத்தில் கன்டெய்னர் நின்றுவிட்டது என்றால் நள்ளிரவிலும் எடுப்பேன். இதுவரை எடுக்காமல் இருந்ததில்லை. ஆனால் மறுநாள் மதியக் கூட்டத்தின் அட்டவணை அவசரமில்லை. இரவு பதினொரு மணிக்குப் பதில் போடுகிறவரை “அர்ப்பணிப்புள்ளவர்” என்று குழுவில் பாராட்டுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். சின்னப் பிள்ளை இருக்கிறவர்களும் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்களும் அதைப் படித்துவிட்டு, தூக்கத்தை விட்டுப் போனைப் பிடிக்கிறார்கள். கூடுதல் நேரச் சம்பளம் எங்களைப் போன்ற எக்ஸிகியூட்டிவ் நிலை ஊழியர்களுக்குக் கிடையாது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலையை நான் மதிக்கிறேன். ஏழு மணிக்குப் பிறகு குழுவில் செய்தி இல்லை, அவசரத்துக்கு அழைப்பு மட்டும் என்பதை எழுத்தில் போட்டு, அடுத்த பிரிவுக் கூட்டத்திலேயே எல்லாருக்கும் அறிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒரு தாய்,
செங்காங்